94 ஆண்டு ஆண்ட பெப்பியால்தான் எகிப்து சரிந்ததா?

கேள்வி இதுதான்: கீசா பிரமிடுகளைக் கட்டி எழுப்பிய எகிப்தின் 'பழைய அரசு', இரண்டாம் பெப்பி என்ற ஒரே அரசன் 94 ஆண்டுகள் அரியணையை விட்டு இறங்காததால்தான் சரிந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

அவனுக்குப் பிறகு சரிந்தது உண்மை. அவனால் சரிந்தது என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிழவன் ஒருவன் தள்ளாத வயதிலும் செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தான், அதற்குள் மாவட்டத் தலைவர்கள் நாட்டைக் கூறுபோட்டுக்கொண்டார்கள் என்ற கதை சொல்லச் சுலபமாக இருக்கிறது. கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 94 எங்கிருந்து வந்தது? மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், கிரேக்க மொழியில் தன் நாட்டு அரசர்களின் வரலாற்றை எழுதினார். அந்த நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தெழுதிய துண்டுகள்தான் இருக்கின்றன. அதில், இந்த அரசன் ஆறு வயதில் ஆளத் தொடங்கி நூறாவது வயது வரை ஆண்டான் என்று ஒரு வரி வருகிறது. நூறில் ஆறு போக 94. இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் அரசர் பட்டியல் பாப்பிரஸிலும் இவன் வர வேண்டிய இடத்தில் 90க்கு மேல் ஆண்டுகள் ஆண்ட ஒருவன் இருக்கிறான். ஒற்றை இலக்கமும் பெயரும் சிதைந்துபோய்விட்டன. ஆனால் அந்தப் பட்டியலும் பெப்பி இறந்து சுமார் ஆயிரம் ஆண்டுக்குப் பின், ராம்செஸ் அரசர்கள் காலத்தில் எழுதப்பட்டது.

அவன் காலத்திலேயே பொறித்த சான்று என்ன சொல்கிறது? அன்றைய எகிப்தில் ஆட்சியாண்டைக் கால்நடைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் குறித்தார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாடெங்கும் மாடுகளை எண்ணுவார்கள். 'இத்தனையாவது எண்ணிக்கை ஆண்டு', 'அதற்கு அடுத்த ஆண்டு' என்று தேதி போடுவார்கள். ஹத்னூப் என்ற பளிங்குக் கல்குவாரியில் '31ஆவது எண்ணிக்கைக்கு அடுத்த ஆண்டு' என்று ஒரு கிறுக்கல் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று கொண்டால் அது 62 ஆண்டுக்குக் குறையாத ஆட்சி. 94ஐ எட்டும் அளவுக்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. அதனால் ஆய்வாளர்களில் ஒரு சாரார், பழைய ஏட்டில் இருந்த 64ஐ யாரோ பின்னாளில் 94 என்று படித்துப் பிரதியெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருந்துவதாகப் படுகிறது. 64 என்றாலும் ஒரு மனிதனின் முழு ஆயுள் அது. பெப்பி முடிசூடியபோது பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுத்து முடித்திருக்கும், சிம்மாசனத்தில் அதே அரசன்.

ஏறத்தாழ கி.மு. 2278இல் ஆட்சிக்கு வந்தபோது அவன் சின்னப் பையன். அந்தப் பையனின் குரல் நமக்கு நேரடியாகவே கேட்கிறது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

தெற்கு எல்லையில் அஸ்வானுக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், குப்பத் அல் ஹவா என்று ஒரு குன்று. அதில் குடைந்த கல்லறைகளில் ஒன்று ஹர்குஃப் என்ற அதிகாரியுடையது. நூபியாவுக்கும் அதைத் தாண்டி யாம் என்னும் நாட்டுக்கும் நான்கு முறை வணிகக் குழுவோடு போய் வந்தவர். ஒரு பயணத்தில் தூபப்பொருள், கருங்காலி, சிறுத்தைத் தோல், யானைத் தந்தம் எல்லாம் 300 கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார். நான்காவது பயணம் முடிந்து திரும்பும்போது, ஆடத் தெரிந்த ஒரு குள்ள மனிதரை அழைத்து வருவதாக அரண்மனைக்கு எழுதியிருக்கிறார். அரசனிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை ஹர்குஃப் தன் கல்லறை முகப்பின் வலது ஓரத்தில் வரிக்கு வரி வெட்டி வைத்துவிட்டார். தேதி, இரண்டாவது கால்நடை எண்ணிக்கை ஆண்டு. மனெத்தோ சொன்ன வயது சரி என்றால் அரசனுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை.

கடிதம் அரசாங்க நடையில்தான் தொடங்குகிறது. சில வரிகளிலேயே பையன் வெளிப்பட்டுவிடுகிறான். உடனே புறப்பட்டு வா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா. அந்த மனிதரை உயிரோடும் நலத்தோடும் கூட்டி வா. படகில் ஏறும்போது இரண்டு பக்கமும் நம்பகமான ஆட்களை நிறுத்து, தண்ணீரில் விழுந்துவிடப் போகிறார். இரவில் தூங்கும்போது கூடாரத்தில் அவரைச் சுற்றி ஆள் படுக்கட்டும், ஒரு ராத்திரிக்குப் பத்து முறை போய்ப் பார். சினாய் சுரங்கமும் பூந்த் நாடும் தரும் காணிக்கைகளைவிட இந்தக் குள்ளரைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு ராஜ கட்டளையில் ஒரு குழந்தையின் பரபரப்பு அப்படியே உறைந்து கிடக்கிறது. ஊருக்குப் போன மாமா பொம்மை வாங்கி வருகிறார் என்று தெரிந்த பிள்ளை, வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பையன் பரபரத்துக்கொண்டிருந்தபோது ஆட்சியை நடத்தியது யார்? புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய பளிங்குச் சிலை இருக்கிறது, உயரம் 40 சென்டிமீட்டருக்குள். அரசி இரண்டாம் அங்கெசென்பெப்பி நேராக அமர்ந்திருக்கிறாள். மடியில் குறுக்கே பெப்பி. உடலளவில் குழந்தை. ஆனால் தலையில் அரசனின் முழுத் தலைத்துணி, முகத்தில் வளர்ந்த ஆளின் தோரணை. தாயின் ஒரு கை அவன் முதுகைத் தாங்குகிறது. ஆட்சி யார் மடியில் இருந்தது என்று அந்தச் சிற்பி ஒளிக்காமல் செதுக்கிவிட்டான்.

இந்த அரசி மெம்ஃபிஸ் தலைநகரத்து அரச குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. தெற்கே அபிடோஸைச் சேர்ந்த கூயி என்பவரின் மகள். கூயியின் மனைவி நெபெத், தலைமை அமைச்சர் பட்டம் பெற்ற பெண். எகிப்தில் அது மிக அரிது. இரண்டாம் பெப்பிக்கு முன் ஆண்ட முதலாம் பெப்பி இந்தக் குடும்பத்தில் இரண்டு பெண்களை மணந்தான். அவர்களுடைய சகோதரன் ஜாவு, இரண்டாம் பெப்பியின் காலத்தில் தலைமை அமைச்சன். ஆக, மாகாணக் குடும்பம் ஒன்று அரண்மனைக்குள் நுழைந்து அமர்ந்தது பெப்பியின் முதுமையில் நடந்ததல்ல. அவன் பிறக்கும் முன்பே, வலிமையான ஓர் அரசன் தெரிந்தே செய்த ஏற்பாடு அது. தெற்கைக் கையில் வைத்திருக்கத் தெற்கத்திக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டான். நம் ஊர் அரசர்கள் செய்யாததா?

இந்த அரசு எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் எங்கே பழுதானது என்று பேச முடியும். நாணயம் கிடையாது. தானியம், எண்ணெய், துணி, மாடு, மனித உழைப்பு, இவைதான் செல்வம். மாவட்டங்களிலிருந்து இவை தலைநகரத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி சம்பளமாகவும் படையலாகவும் வெளியே போகும். துரா என்ற கல்குவாரியில் கல் வெட்டும் தொழிலாளர் படைக்குத் தலைவராக இருந்த ஒருவரின் கடிதம், மெம்ஃபிஸின் இடுகாடான சக்காராவில் கிடைத்தது. பெப்பியின் ஆறாம் வம்சக் காலத்தது. ஆட்களுக்குத் துணி வாங்க எல்லாரையும் தலைநகரத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அவர் எதிர்த்து எழுதுகிறார்: வந்தால் ஆறு நாள் அங்கே காத்துக் கிடக்க வேண்டும், வேலை கெடுகிறது, உங்கள் படகுதான் துராவுக்கு வருகிறதே, அதில் துணியை அனுப்பினால் ஒரே நாளில் முடியும். கோபமும் நியாயமும் கலந்த இந்தக் கடிதத்தில் அந்த அரசின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன. ஒரு முழத் துணிகூட மையத்தின் கை வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கை சுறுசுறுப்பாக இருக்கும் வரை எல்லாம் நடக்கும்.

ஐந்தாம் வம்சத்தின் பிற்பகுதியிலிருந்தே இது மெல்ல மாறி வந்தது. முன்பு மாவட்ட அதிகாரிகள் தலைநகரத்திலிருந்து போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். செத்தால் அரசனின் பிரமிடுக்குப் பக்கத்தில் புதைக்கப்படுவதுதான் பெருமை. பிறகு அவர்கள் மாவட்டத்திலேயே வீடு கட்டி, அங்கேயே கல்லறை குடைந்து, பதவியை மகனுக்கு விட்டுப் போகலானார்கள். 'மாவட்டத்தின் பெருந்தலைவர்' என்று ஒரு பட்டமே பிறந்தது. இன்னொரு பக்கம் கோயில்களுக்கு இறையிலி. நம் சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோப்டோஸ் ஊரில் மின் என்ற தெய்வத்தின் கோயிலுக்கு இரண்டாம் பெப்பி விட்ட கட்டளைகள் கல்லில் கிடைத்திருக்கின்றன. அந்தக் கோயிலின் பூசாரிகளையும் பணியாட்களையும் அரசாங்க வேலைக்கு இழுக்கக் கூடாது, வரி கேட்கக் கூடாது, மீறும் அதிகாரிக்குத் தண்டனை உண்டு. ஒவ்வொரு கட்டளையும் தனியாகப் பார்த்தால் அறச்செயல். ஒவ்வொன்றும் களஞ்சியத்துக்கு வர வேண்டிய மூட்டைகளில் சிலதைக் குறைக்கவும் செய்தது. ஆனால் இதுவும் பெப்பி தொடங்கியதல்ல, அவனுக்கு முன்னோரும் கொடுத்திருக்கிறார்கள்.

மாவட்டத் தலைவர்கள் அரசனுக்கு எதிராகக் கிளம்பினார்கள் என்று எழுதுபவர்களுக்கு நான் எப்போதும் டெய்ர் அல் கெப்ராவி கல்லறையைக் காட்டுவேன். அங்கே அப்பா பெயரும் ஜாவு, மகன் பெயரும் ஜாவு. (தலைமை அமைச்சன் ஜாவு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்பா இறந்ததும் மகன் இரண்டாம் பெப்பியிடம் விண்ணப்பம் போடுகிறான். சவப்பெட்டி, துணி, வாசனை எண்ணெய் ஆகியவற்றை அரசுக் களஞ்சியத்திலிருந்து தர வேண்டும், இறந்த தந்தைக்கு உயர்ந்த பட்டம் ஒன்றையும் தர வேண்டும். அரசன் தந்தான். பிறகு மகன், தானும் அப்பாவோடு ஒரே கல்லறையில் அடங்குவதாக எழுதி வைக்கிறான். இன்னொரு கல்லறை கட்ட வசதி இல்லாமல் அல்ல, தினமும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த வரியை எப்போது படித்தாலும் மனசு நெகிழ்கிறது. வரலாற்றுக்கு வருவோம்: பரம்பரை பரம்பரையாக ஒரு மாவட்டத்தை ஆளும் குடும்பம், பட்டத்துக்கும் சவப்பெட்டிக்கும் இன்னும் அரசன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது கலகக்காரர்களின் மொழியா?

தெற்கு எல்லையிலும் அப்படித்தான். மெகு என்ற அதிகாரி நூபியாவில் இறந்துபோகிறார். மகன் சப்னி 100 கழுதைகளில் எண்ணெயும் தேனும் துணியும் ஏற்றிக்கொண்டு, வழியில் உள்ள தலைவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்துப் போய் அப்பாவின் உடலை மீட்டு வருகிறார். தகவல் தெரிந்ததும் தலைநகரத்திலிருந்து பதனிடும் பொருள்களோடு ஆட்கள் வந்து சேர்கிறார்கள், அரசன் பாராட்டிக் கடிதம் அனுப்புகிறான். பெப்பிநக்த் என்ற இன்னொரு அதிகாரி, மக்கள் அழைத்த பெயர் ஹெக்காயிப், நூபியாவில் படை நடத்தியவர். பூந்த் போகக் கிழக்குக் கடற்கரையில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தபோது பாலைவனக் குடிகளால் கொல்லப்பட்ட ஓர் அதிகாரியின் உடலையும் அவர்தான் மீட்டு வந்தார். மீட்டு வர வேண்டிய உடல்கள் இத்தனை இருந்தன என்பதே ஒரு செய்தி. முன்பு தைரியமாகப் போய் வந்த பாதைகளில் இப்போது ஆபத்து கூடியிருக்கிறது. நூபியாவில் உள்ளூர்த் தலைவர்கள் வலுத்து வந்தார்கள். ஆனால் அரண்மனை செயலற்றுக் கிடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அது ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது.

அவன் பிரமிடு தெற்கு சக்காராவில் இருக்கிறது. அடிப்பக்கம் சுமார் 79 மீட்டர், உயரம் 52 மீட்டர். கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் 146 மீட்டரோடு ஒப்பிட்டு 'பாருங்கள், தேய்ந்துபோன அரசு' என்பார்கள். அந்த ஒப்பீடு தவறு. அவனுக்கு முன் ஆண்ட முதலாம் பெப்பி, மெரென்ரே ஆகியோரின் பிரமிடுகளும் இதே அளவுதான். அந்த வம்சத்தின் வழக்கமான அளவு அது. மூன்று அரசிகளுக்கும் அவன் சிறு பிரமிடுகள் எழுப்பி, உள்ளே மந்திர வாசகங்களைப் பொறித்தான். 1926 முதல் சுமார் பத்து ஆண்டுகள் குஸ்தாவ் ழேக்கியே அங்கே அகழ்ந்து பார்த்து எழுதியதுதான் இன்றும் அடிப்படை.

பிரமிடை ஒட்டிய அவன் கோயில் சுவர்ச் சிற்பங்களில் ஒன்று மட்டும் என்னை உறுத்தும். அரசன் ஒரு லிபியத் தலைவனை அடித்து வீழ்த்துகிறான், பக்கத்தில் அந்தத் தலைவனின் மனைவியும் இரண்டு மகன்களும் நிற்கிறார்கள், பெயர்களும் எழுதியிருக்கிறது. சுமார் இருநூறு ஆண்டுக்கு முன் ஆண்ட சாஹுரேயின் கோயிலிலும் அதே காட்சி, அதே மூன்று பெயர்கள். வெற்றியை அப்படியே பிரதியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எகிப்தியருக்கு இது பொய்யாகத் தோன்றியிருக்காது, அரசன் என்றால் இதைச் செய்பவன் என்ற சடங்குப் படம் அது. இருந்தாலும் நமக்கு ஓர் எச்சரிக்கை: அரச சுவரை நம்பி அந்த அரசின் உடல்நிலையைக் கணிக்கக் கூடாது.

சரி, நீண்ட ஆட்சியால் கேடே இல்லையா? இருந்தது, ஆனால் எல்லாரும் கைகாட்டும் இடத்தில் அல்ல. அது வாரிசு விஷயத்தில். அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டவனுக்குப் பல மனைவியர். அவர்களுக்குப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். மூத்தவர்கள் அப்பாவுக்கு முன்பே கிழவர்களாகிச் செத்திருப்பார்கள். மிஞ்சியவர்களில் யாருக்கு முதல் உரிமை என்பதில் சண்டை வராமல் இருக்காது. பெப்பிக்குப் பின் வந்த இரண்டாம் மெரென்ரே ஓராண்டைத் தாண்டவில்லை. மனெத்தோவும் ஓராண்டு என்கிறார், துரின் பட்டியலும் ஏறத்தாழ அதையே தருகிறது. அப்பா அத்தனை காலம் ஆண்டதால், மகன் அரியணையைத் தொடும்போதே ஆயுள் முடியும் வயது வந்திருக்கலாம். ஒரு பெரிய ஆட்சிக்குப் பின் இளமையும் பிடிப்பும் உள்ள ஓர் அரசன் வராமல் போனது, மையத்தின் கையை நம்பி ஓடிய அந்த அமைப்புக்குப் பலத்த அடி.

அடுத்து நிதோக்ரிஸ் என்ற அரசி ஆண்டதாக மனெத்தோ சொல்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவளைப் பற்றி ஒரு கதையே சொல்கிறார். அண்ணனைக் கொன்றவர்களை நிலத்தடி மண்டபத்தில் விருந்துக்கு அழைத்து, ரகசியக் கால்வாயைத் திறந்து நைல் தண்ணீரை உள்ளே விட்டுக் கொன்றாளாம். பிறகு தானும் சாம்பல் நிறைந்த அறையில் குதித்து உயிர்விட்டாளாம். சொல்லச் சொல்லச் சுவைதான். ஆனால் துரின் பாப்பிரஸின் துண்டுகளைத் திரும்பப் பொருத்திப் பார்த்த ரிஹோல்ட் என்ற ஆய்வாளர், 'நெய்திகெர்த்தி' என்று அங்கே இருப்பது ஓர் ஆண் அரசனின் பெயர் என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார். அந்த அரசி இருந்ததற்கு வேறு சமகாலச் சான்றும் இல்லை. ஏழாம் வம்சத்தில் 70 அரசர்கள் 70 நாள் ஆண்டார்கள் என்று மனெத்தோ சொல்வதும் அதே வகைதான். குழப்பம் என்பதை எண்ணால் சொல்லியிருக்கிறார்.

உண்மையில் மெம்ஃபிஸில் அரசர்கள் தொடர்ந்தார்கள், சில ஆண்டுக்கு ஒருவராக. அவர்களில் இபி என்பவனின் பிரமிடு, பெப்பியின் பிரமிடுக்கு அருகிலேயே கிடக்கிறது. அடிப்பக்கம் 31 மீட்டர் சொச்சம். அதாவது பெப்பி தன் அரசிகளுக்குக் கட்டிய பிரமிடுகளை விட ஒரு பிடி பெரிது, அவ்வளவுதான். நெஃபர்கௌஹோர் என்ற இன்னொருவன், கோப்டோஸின் ஷெமாய் என்ற பெரிய மனிதருக்குத் தன் மகள் நெபியெத்தைக் கட்டிக்கொடுத்து, ஒரே நாளில் கட்டளைக்கு மேல் கட்டளையாகப் பட்டங்களை வழங்கினான். முதலாம் பெப்பி மாகாணக் குடும்பத்தில் பெண் எடுத்தான், நெஃபர்கௌஹோர் மாகாணத்துக்குப் பெண் கொடுத்தான். நடுவில் என்ன மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிற்கால அரசர்களின் பெயர்களைக் கவனியுங்கள். அபிடோஸில் சேத்தி என்ற பிற்கால அரசன் கட்டிய கோயிலின் சுவர்ப் பட்டியலில் அவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். குறைந்தது ஐந்து பேர் 'நெஃபர்கரே' என்ற பெயரைச் சூடியிருக்கிறார்கள். அது இரண்டாம் பெப்பியின் முடிசூட்டுப் பெயர். ஒருவன் 'நெஃபர்கரே பெப்பிசெனெப்' என்றே வைத்துக்கொண்டான், 'பெப்பி நலமாக இருக்கிறான்' என்று பொருள். நாட்டைக் கெடுத்த கிழவன் என்று அன்றைய மக்கள் நினைத்திருந்தால், தள்ளாடும் அரியணையில் ஏறுபவன் அந்தப் பெயரைத் தேடிப் போய் ஏன் சூட வேண்டும்? அவர்கள் நினைவில் பெப்பியின் காலம் நல்ல காலம். கெட்ட பெயர் பின்னால் வந்தது. இரவில் தனியாக அரண்மனையை விட்டுப் போய், ஒரு படைத்தலைவன் வீட்டுச் சுவரில் செங்கல்லை எறிந்து, மேலிருந்து இறங்கும் ஏணியில் ஏறும் நெஃபர்கரே என்ற அரசனைப் பற்றிய கதை ஒன்று பின்னாளில் எழுந்தது. அது கதை. அதை வைத்து ஆட்சியை எடைபோடுவது நியாயமில்லை.

இனி நைல். எகிப்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். எத்தியோப்பிய மலைகளில் பருவமழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும். வெள்ளம் வந்து வயல் பாத்திகளில் தேங்கி வண்டலை விட்டுப் போனால் விளைச்சல். அதனால்தான் ஐந்தாம் வம்சக் காலத்து அரச ஆண்டுக்குறிப்புக் கல்லில், ஒவ்வோர் ஆண்டின் கீழும் வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்று எழுதி வைத்தார்கள். கி.மு. 2200ஐ ஒட்டி, மேற்காசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வறட்சி ஏற்பட்டதற்கு ஏரிப் படிவுகளிலும் நைல் கழிமுகத்து வண்டலிலும் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மெசொப்பொத்தேமியாவில் அக்காத் பேரரசு சரிந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். வெள்ளம் குறைந்தால் உயரமான வயல்கள் காய்ந்துபோகும். களஞ்சியத்துக்கு வருவது சுருங்கும். கொடுத்துக் கொடுத்து ஆண்ட அரசனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. வறட்சி மட்டுமே காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை, முன்பும் பஞ்சங்களைத் தாண்டி வந்த அரசுதான் அது. ஆனால் களஞ்சியம் ஏற்கெனவே இறையிலிகளாலும் மாவட்டப் பங்குகளாலும் மெலிந்திருந்தது. அரியணையில் ஆள் நிலைக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வெள்ளமும் ஏமாற்றினால் தாங்காது.

பஞ்சத்துக்குச் சாட்சியாக எல்லாரும் காட்டுவது மோஅல்லாவில் இருக்கும் அங்க்திஃபியின் கல்லறை. மேல் எகிப்து முழுவதும் பசியால் சாகிறது, ஆட்கள் பெற்ற பிள்ளைகளையே தின்கிறார்கள், ஆனால் என் மாவட்டத்தில் ஒருவரையும் பசியால் சாக விடவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. (நைல் தெற்கிலிருந்து இறங்குவதால் அங்கே தெற்குதான் மேல்.) இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. அங்க்திஃபி பெப்பிக்குச் சில தலைமுறைக்குப் பிந்தியவர். அதோடு, இது ஒரு மெய்க்கீர்த்தி. தனக்கு நிகர் பிறந்ததில்லை, பிறக்கப் போவதுமில்லை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் பஞ்சத்தையும் கூட்டித்தான் சொல்வார். பசி இருந்தது, அளவில்தான் எனக்கு ஐயம். உலகமே தலைகீழானதாகப் புலம்பும் இபுவெர் பாப்பிரஸை இந்தக் காலத்துக் கண்கண்ட சாட்சியாக மேற்கோள் காட்டுவதையும் விட்டுவிடலாம். அது பல நூற்றாண்டு பிந்திய இலக்கியம்.

மண்ணுக்குள் இருப்பது வேறு கதை சொல்கிறது. நடு எகிப்தின் காவ், பதாரி வட்டாரத்தில் தோண்டிய நூற்றுக்கணக்கான சாதாரண மக்களின் புதைகுழிகளைப் பார்த்தால், அரசு உச்சத்தில் இருந்த நாலாம், ஐந்தாம் வம்சக் காலத்தில் ஏழைக் குழிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரசு சிதறிய பின் வந்த குழிகளில் மணிமாலைகள், தாயத்துகள், கல் சாடிகள் கூடுகின்றன. மெம்ஃபிஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய செல்வத்தில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கியிருக்கிறது. சரிவு என்று நாம் சொல்வது, தலைநகரத்து மாடத்தில் நின்று பார்ப்பவரின் சொல். காவ் ஊர்க் குயவனின் மனைவி அதை அப்படிச் சொல்லியிருப்பாளா?

நீண்ட ஆட்சியே குற்றம் என்றால் இன்னும் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் ராம்செஸ் 66 ஆண்டு ஆண்டான். பன்னிரண்டு மூத்த மகன்களைத் தாண்டி, பதின்மூன்றாவது மகன் மெர்னெப்தா வயதான பிறகு பட்டத்துக்கு வந்தான். அடுத்தடுத்து வாரிசுச் சண்டை வந்தது, ஆனால் நாடு உடையவில்லை. இன்னொருவன், சிதறிய எகிப்தை மறுபடி ஒன்றாக்கிய தீப்ஸ் அரசன் இரண்டாம் மெந்துஹோதெப். துரின் பட்டியல் அவனுக்குத் தரும் ஆட்சிக்காலம் 51 ஆண்டுகள்.

தெற்கு சக்காராவில் ழேக்கியே கண்டெடுத்த ஒரு பொருளைச் சொல்லி முடிக்கிறேன். பெப்பியின் அரசியர் பிரமிடு வளாகத்தில், ஒரு சேமிப்பறைக்குள், அங்கெசென்பெப்பி என்ற பெயர் கொண்ட ஓர் அரசியை (பெப்பியின் தாய் அல்ல, வேறொருத்தி) புதைத்திருந்தார்கள். தனிப் பிரமிடு இல்லை. சவப்பெட்டியின் கருங்கல் மூடியைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது, இரண்டு பக்கமும் மங்கிய எழுத்துகள் தெரிந்தன. ஆறாம் வம்ச அரசர்களின் ஆண்டுக்குறிப்பு அது, தெத்தி முதல் இரண்டாம் பெப்பியின் தொடக்க ஆண்டுகள் வரை. இத்தனையாவது எண்ணிக்கை, இந்தக் கோயிலுக்கு இவ்வளவு படையல் என்று வரிசையாக எழுதிய அரச ஆவணம். புதுக் கல் வெட்டிக் கொண்டுவர முடியாத ஒரு நாளில், அதை எடுத்துத் தேய்த்து மூடியாக்கியிருக்கிறார்கள். தேய்த்தது போக மிஞ்சிய எழுத்துகளைத்தான் இன்று நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.